ஜமீன்தார் சுருளில் ஓடாத மின்சாரம்

பாண்டிய மண்டல மின்சார ஞான அபிவிருத்திச் சபையைத் திறந்து வைத்த அன்று, சபைக் கட்டடத்துக்கு இன்னும் மின்சாரம் வந்திருக்கவில்லை. அதனால் திறப்பு விழா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. மின்சாரத்தின் மகிமையைப் பற்றித் தலைவர் ராவ் சாகிப் பேசப் பேச, விளக்கு மங்கும்போதெல்லாம் காற்றடித்துக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே குந்தியிருந்தான். பிறகு மதுரையில் தெருத்தெருவாகக் கம்பம் நட்டார்கள், சபைக்கும் மின்சாரம் வந்தது. ஆனாலும் பெட்ரோமாக்ஸையும் அந்த ஆளையும் சபை விட்டுவிடவில்லை. மின்சாரம் மரியாதை தெரியாதது, பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடும் என்பது தலைவரின் அபிப்பிராயம்.

சபையில் ஒரு வருஷம் படித்துத் தேறியவனுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். அது இருந்தால்தான் மில்லில் வயர்மேன் வேலை. இல்லாவிட்டால் கம்பியைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த சேக் இஸ்மாயில் அந்த சர்டிபிகேட்டுக்காகத்தான் ஒரு வருஷம் சபைக்கு நடந்தான். அதற்கு முன்னால் ஒரு தகரக் கடையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கடையை மூடிவிட்டார்கள். பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவனுடைய அண்ணன், கப்பலேறி வந்துவிடு என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். கப்பலேறிப் போனவர்கள் நாலு வருஷம் கழித்து வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். "சர்டிபிகேட் வாங்கிட்டா இங்கினயே மில்லு. வாங்கலைன்னா கப்பலு" என்று இஸ்மாயில் மனைவியிடம் சொல்லியிருந்தான்.

அவன் மனைவி அமீருன்னிசாவிடம் அவனுக்குச் சொல்லாத ஒரு சேதி இருந்தது. அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் மவுத்தாகிப் போனதிலிருந்து இஸ்மாயில் சிரித்தால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்கு ஏறாது. இந்தச் சேதியைக் கேட்கும்போது அந்த முகம் எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. சர்டிபிகேட் கையில் வரட்டும், அன்றைக்குச் சொல்லலாம், முகம் முழுதாக மலரட்டும் என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முதல் வாரம் அவன் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்து, கரித்துண்டால் தரையில் ஒரு படம் போட்டான். சதுரத்தைச் சாய்த்து வைத்தது போல நாலு கோடு. நடுவில் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் நெளிநெளியாகக் கிறுக்கினான்.

"என்ன மச்சான் இது, முறுக்கா?"

"முறுக்கு இல்ல புள்ள, கம்பிச் சுருளு. மின்சாரம் ஓடுறப்ப இழுத்துப் பிடிச்சு மறிக்கும். தடைச்சுருளுன்னு பேரு. மேல போற வழியில மொதல்ல பத்து, பெறகு இருவது. கீழ போற வழியில மொதல்ல இருவது, பெறகு நாப்பது. நடுவுல குறுக்க நூறு. எல்லாம் சேந்து மொத்தம் எம்புட்டு மறிக்கும்? இதான் கேள்வி. நடுவுல உள்ளதப் பாத்துத்தான் எல்லாரும் மிரளுறானுங்க."

"நீங்க மிரளலையா?"

"ரெண்டு வாய்க்கா ஓடுதுன்னு வச்சுக்க. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. ஆனா இந்த எடத்துல ரெண்டுலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கிது. நடுவுல ஒரு வெட்டு வெட்டி ரெண்டையும் சேத்துவிட்டா, தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

அமீருன்னிசா சோற்றைக் கிண்டிக்கொண்டே யோசித்தாள். "ஒரே மட்டம்னா எதுக்குப் போகுது? அது பாட்டுக்குக் கெடக்கும்."

"அம்புட்டுத்தேன்! நடுச் சுருளுல ஒண்ணும் ஓடாது. கழத்திக் கடாசிட்டு மிச்சத்தக் கூட்டு. மேல முப்பது, கீழ அறுவது. ரெண்டு வழியும் சேந்தா இருவது. கணக்கு முடிஞ்சிருச்சு."

"இம்புட்டுத்தானா? இதுக்கா ஒரு வருசம்?" என்றாள். அவன் சிரித்தான். உதட்டோடுதான். ஆனால் கொஞ்சம் கண் பக்கம் போய்த் திரும்பியது போல அவளுக்குத் தோன்றியது.

இதில் இஸ்மாயிலுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் சபை இந்தப் படத்தை வெறும் படமாக வைக்கவில்லை. தேக்குப் பலகையில் நிஜச் சுருள்களாகவே செய்து, பரீட்சை மேடையில் ஏற்றியிருந்தது. கோயில் விளக்குக்கும் படிக்கட்டுக்கும் உபயம் கேட்பது போலத் தடைச்சுருளுக்கும் உபயம் கேட்டார்கள். படத்தில் உள்ள சுருள்களை, உபயம் கொடுத்தவர்களின் அந்தஸ்துக்குத் தக்கபடி பங்கு வைத்தார்கள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்குப் பத்து ஓம். பழங்காநத்தம் அரிசி ஆலைக்காரருக்கு இருபது. நெய்க்கடைக்காரர், ஆலைக்காரரைவிட நான் எந்த விதத்தில் குறைச்சல் என்று கேட்டதால் அவருக்கும் இருபது. நகைக்கடைக்காரருக்கு நாற்பது. எல்லாரையும்விட அதிகம் கொடுத்த வெள்ளிவிழுந்தான்பட்டி ஜமீன்தாருக்கு நூறு ஓம். மின்சாரத்தை அதிகமாக மறிப்பது பெருமையா என்று யாரும் கேட்கவில்லை. ஜமீன்தார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கய்யா பேருல வைக்கிறது. குரூப் போட்டோவுல எங்கய்யா எப்பவும் நடுவுலதான் நிப்பாரு. பாத்துக்கங்க."

சபை வாத்தியார் காசிமாயன் அதை நடுவிலேயே வைத்தார். பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து, மேலே ஒரு குட்டிக் கிரீடமும் வைத்தார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகுதான், நடுச் சுருளில் ஒன்றும் ஓடாது என்பது வாத்தியாருக்கு உறைத்தது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

பரீட்சை வைபவம் பந்தல் போட்டு நடந்தது. பெண்களுக்கு மூங்கில் தட்டி மறைப்பு. அமீருன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார் ஹாஜரா.

"என்னடி அது பலகையில, நெளிநெளியா? இடியாப்பமா?"

"சும்மா இருங்க மாமி. அதுலதான் நம்ம சோறு இருக்கு."

முதலில் கூப்பிட்ட பையன் விருமாண்டி. நடுச் சுருளில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தலைவர் கேட்டதும், அவன் ஜமீன்தார் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "ஜமீன்தார் குடும்பத்தோட புகழ் மாதிரி, அளக்க முடியாத அளவு ஓடுதுங்க!" என்றான். பந்தல் அதிர்ந்தது. தப்பு என்று சொல்ல அதில் எண் ஒன்றும் இல்லாததால் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

அடுத்து இஸ்மாயில்.

"மொத்தத் தடை எவ்வளவு?"

"இருவது ஓம் ஐயா."

வாத்தியார் காசிமாயன் அவனைப் பார்த்துக் கண்ணை இறுக மூடித் திறந்தார். அதுவரைக்கும் போதும், நிறுத்திக்கொள் என்று அர்த்தம். சரியாகச் சொல்கிறாய், மேலே போ என்கிறார் என்று இஸ்மாயில் எடுத்துக்கொண்டான்.

"நடுவுல உள்ள சுருளுல ஒண்ணுமே ஓடாதுங்க. அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கழத்திப் போட்டாலும் அதே இருவதுதான்."

காற்றடிக்கும் ஆள்கூட விளக்கை விட்டுவிட்டு ஜமீன்தாரைப் பார்த்தான்.

ஜமீன்தார் மெதுவாக எழுந்தார். "யார்ரா இவன்? எங்கய்யாவக் கழத்திப் போடுறேங்கிறான்?"

சபைச் செயலாளர் ஓடிப்போய் மின்சாரம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். இப்போதே நிரூபித்துவிடலாம் என்றார். கருவியை நடுச் சுருளோடு இணைத்தார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கருவியின் முள் அசையவில்லை. செயலாளர் தட்டிப் பார்த்தார். மற்றச் சுருளில் வைத்தார், ஆடியது. மறுபடி நடுவில் வைத்துத் தட்டினார். அசையவில்லை.

தலைவர் ராவ் சாகிப் தொண்டையைச் செருமினார்.

"மகாஜனங்களே! இந்த முள் ஏன் அசையவில்லை? மற்றச் சுருள்களில் வைத்தால் ஆடுகிறது, ஆடத்தான் செய்யும். இங்கே வந்ததும் அடங்கி நிற்கிறது. யார் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று ஓர் ஊசிக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாணவனுக்குத் தெரியவில்லை! மின்சாரம் எங்கே ஓட வேண்டும் என்பதை மின்சாரம் தீர்மானிப்பதா, சபை தீர்மானிப்பதா? சபைக்கு விதிகள் இருக்கின்றன. மின்சாரத்துக்கு என்ன விதி இருக்கிறது? மேலும் ஒன்று கேட்கிறேன். இந்தச் சபை தொடங்கிய நாள் முதலாக நானும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இருப்பது எதுவும் செய்வதில்லை என்றால், இத்தனை வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் கைதட்டினார்கள்.

இஸ்மாயிலின் சர்டிபிகேட்டை நிறுத்தி வைத்து, விசாரணைக்கு உத்தரவானது. முள் அசையாத கருவியையும் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் பொழுது சாய வாத்தியார் காசிமாயன் சந்துக்குள் வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், சந்தில் இருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் பட்டார்.

"தம்பி, விசாரணையில ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. முடிஞ்சு போச்சு."

"சார், ஓடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"ஆமா. இப்பவும் சொல்றேன், ஓடாது. சத்தியமா ஓடாது. அது பாடம். இது சபை. எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக தம்பி."

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார்."

"நாஞ் சொன்னா என்னையும் கழத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதும்பாங்க. அதுவும் சரியாத்தான் இருக்கும்" என்றார் வாத்தியார். அமீருன்னிசா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்து, வைத்துவிட்டுப் போனார்.

இஸ்மாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அமீருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஓடுதுன்னுதான் சொல்லிட்டு வாங்களேன் மச்சான். அந்தக் கம்பி எந்திரிச்சு வந்து நம்மகிட்டச் சண்டையா போடப் போகுது?"

"ஓடலையே புள்ள."

"தெரியும். எனக்கே தெரியும். நாந்தான மொதல்ல சொன்னேன், அது பாட்டுக்குக் கெடக்கும்னு. ஆனா கப்பலு உண்மையாவே ஓடுமே. அதுல ஏத்திட்டாகன்னா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் கை, தன்னை அறியாமல், வயிற்றின் மேல் போனது. சட்டென்று எடுத்து முந்தானையைச் சரிசெய்வது போலச் செய்தாள்.

"உனக்காகச் சொல்றேன்" என்றான். "எனக்காகன்னா சொல்லமாட்டேன்."

விசாரணை நாளில் மேடையில் ஜமீன்தாருக்குத் தனி நாற்காலி. இஸ்மாயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தட்டிக்குப் பின்னால் அமீருன்னிசா ஓட்டையில் கண்ணை வைத்திருந்தாள்.

"நடுச் சுருளில் மின்சாரம் ஓடுகிறதா, இல்லையா?"

"ஓடுதுங்க" என்றான் தரையைப் பார்த்து.

பந்தலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஜமீன்தார் மீசையைத் தடவினார். அமீருன்னிசா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். இன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது சொல்லிவிடலாம். இல்லை, போகிற வழியிலேயே சொல்லிவிடலாம்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "ஓடுகிறது என்பதைச் சபை பதிவு செய்துகொள்கிறது. எவ்வளவு ஓடுகிறது?"

இஸ்மாயில் திகைத்தான். இல்லாத ஒன்றுக்கு அளவு சொல்ல அவனுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

"நெறைய ஓடுதுங்க."

"நிறைய என்பது அளவா? பலகைக்குள் மொத்தம் ஓர் ஆம்பியர் போகிறது. நடுவில் எவ்வளவு?"

இஸ்மாயில் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் பந்தலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீன்தாரைப் பார்த்தான். அவர் முகத்தில், குறைத்துச் சொல்லிவிடாதே என்று எழுதியிருந்தது.

"ரெண்டு ஆம்பியருங்க."

"உள்ளே போவதே ஒன்று. நடுவில் மட்டும் இரண்டா? மிச்சம் எங்கிருந்து வந்தது?"

"எங்க ஜமீன்லருந்து வந்திருக்கும்" என்றார் ஜமீன்தார். "பாசு போடுங்கய்யா பயல. நல்ல பய."

ஆனால் ராவ் சாகிப் கையை உயர்த்தினார்.

"ஜமீன்தாரவர்கள் பெருந்தன்மை உலகம் அறிந்தது. ஆனால் கணக்கு கணக்குதான். தப்புக் கணக்குப் போட்டவனுக்குச் சர்டிபிகேட் கொடுத்தால் நாளைக்கு இந்தச் சபையை யார் மதிப்பார்கள்? இந்த மாணவன் முதலில் சொன்னது சரி, மரியாதை இல்லை. இப்போது சொன்னது மரியாதை, சரியில்லை. சபை எதிர்பார்ப்பது சரியாகவும் மரியாதையாகவும் உள்ள விடை. இந்தக் கேள்விக்கு அப்படி ஒரு விடை கிடையாது என்கிறார்கள். அது சபையின் பொறுப்பு அல்ல. அடுத்த வருஷம் வரலாம்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாமியார்தான் பேசிக்கொண்டு வந்தாள். "ஓடலைன்னாலும் குத்தம், ஓடுதுன்னாலும் குத்தமா? என்ன எழவு கம்பிடி அது!" இஸ்மாயில், நீதான் என்னைச் சொல்ல வைத்தாய் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அமீருன்னிசாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் வரை அடுப்பு காத்திருக்காது. நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் நின்றது. அண்ணன் ஏற்பாடு செய்த ஆள் வந்து நாள் சொல்லிவிட்டுப் போனார்.

அமீருன்னிசா பல தடவை சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் போகமாட்டான். இந்த நிலைமையில் உன்னை விட்டுட்டா என்று உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தால் மூன்று பேர் பட்டினி, பிறகு நாலு பேர். அதனால் ஒரு யோசனை செய்தாள். ரயிலடிக்குப் போவது. அவன் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வண்டி ஊதியதும் சொல்லிவிடுவது. இறங்கவும் முடியாது. அந்த முகத்தையும் பார்த்துவிடலாம். வண்டி நகர்ந்தாலும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து பார்த்துக்கொண்டே போகலாம். நாலு வருஷத்துக்கு அது போதும்.

ரயிலடிக்குப் போனால் அங்கே சபை நின்றது.

தலைவர், செயலாளர், ஜமீன்தார், வாத்தியார், இரண்டு நாயனக்காரர்கள், ஒரு பெஞ்சு, அந்தப் பெட்ரோமாக்ஸ், காற்றடிக்கும் ஆள். பட்டப்பகல் என்பதால் விளக்கை ஏற்றாமல் வைத்திருந்தார்கள். சபையில் படித்தவன் ஒருவன் கடல் கடந்து போகிறான் என்று செயலாளருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கடல் கடந்த கிளை உள்ள சபைகளுக்கு உபயம் அதிகம் வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"தேறலையே ஐயா நான்" என்றான் இஸ்மாயில்.

"தேறாதவன் என்று பினாங்கில் யாருக்குத் தெரியும்?" என்றார் செயலாளர். "ஏறி ஜன்னல்கிட்ட நில்லும். முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொள்ளும். தலைவர் பேசப் போகிறார்."

ஜமீன்தார் தம் கையாலேயே ஜன்னல் வழியாக ஒரு மாலை போட்டார். ஆளுயர மாலை. அது ஜமீன் வழக்கம். சின்ன மாலை போடுவது அவர்களுக்குக் கேவலம். அதன் மேல் நெய்க்கடைக்காரர் சார்பில் ஒன்று, ஆலைக்காரர் சார்பில் ஒன்று. இஸ்மாயிலின் கழுத்து மறைந்து, வாய் மறைந்து, மூக்கும் மறைந்தது. இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அதுவும் கூட்டத்துக்குள் அவளைத் தேடி இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

"மாமி, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்த பேசணும்."

"ஏப்பா, பொண்டாட்டி பேசணுங்கிறா, செத்த வெலகுங்கப்பா!" என்று ஹாஜரா கத்தினாள்.

"பொம்பளைக பின்னால நில்லுங்கம்மா. தலைவர் பேசுறார்" என்றார்கள்.

தலைவர் பேசினார். "இந்த மாணவன் எங்கே போகிறான்? கடலுக்கு அப்பால் போகிறான். எதைக் கொண்டு போகிறான்? சர்டிபிகேட்டையா? இல்லை. அதைவிடப் பெரியதான, சபையின் ஞானத்தைக் கொண்டு போகிறான். இவனை வெளியூருக்கு அனுப்பும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது எதனால்? இவனுக்கு உள்ளூரில் வேலை கிடைக்காததால். அந்தப் பெருமையும் சபையையே சேரும்!"

நாயனம் ஒருமுறை பீறிட்டு ஓய்ந்தது. வாத்தியார் காசிமாயன் மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, அமீருன்னிசாவுக்கு வழி விடுவதற்காகச் செயலாளரைத் தோளால் நெருக்கிப் பார்த்தார். செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

"கடைசியாக ஒன்று" என்றார் தலைவர்.

வண்டி ஊதியது.

அமீருன்னிசா குனிந்து, ஜமீன்தாரின் கைக்குக் கீழே நுழைந்து முன்னால் வந்துவிட்டாள். ஜன்னலுக்கும் அவளுக்கும் இடையில் பெஞ்சு ஒன்றுதான். வண்டி நகர்ந்தது. அவள் கத்தினாள்.

"மச்சான்! நான் முழுகாம இருக்கேன்!"

அந்த நேரம் பார்த்து, தலைவர் ஏதோ நல்ல இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். கைதட்டல் பிளாட்பாரம் முழுக்க எழுந்தது. இஸ்மாயில் மாலைக்கு மேலிருந்து அவளைப் பார்த்துவிட்டான். கையைக் காதில் வைத்துக் காட்டினான், கேட்கவில்லை என்று. அவள் இன்னொரு தடவை கத்தினாள். அவன் சரி, சரி என்று தலையாட்டினான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். ஊருக்குப் போகிறவனிடம் எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள்.

மாலைக்குள் அந்த முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

வண்டி வைகைப் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. பிளாட்பாரத்தில் ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். செயலாளர் ஓடிவந்து கையை விரித்து மறித்தார். நன்றியுரை பாக்கி இருக்கிறது, அது முடியும் முன்னால் யாரும் கலையக்கூடாது என்பது சபை விதி என்றார். போனவனுடைய குடும்பம் என்பதால் அமீருன்னிசாவை முன் வரிசையில், நடுவில் நிற்கச் சொன்னார்.

நின்றாள்.